“டிப்ஸ் எல்லாம் கட்டியாச்சு மேடம்”: சிங்கப்பூர் கப்பல் பயணத்தில் இரண்டு தடவை பணம் கட்டிய கதை

பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாலு நாள் கப்பலில் சுற்றிவர யாராவது ஏஜென்டிடம் பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நீளமான பதிவுதான். கையை விட்டுப் போன பணத்தை நினைத்தால் சுருக்க மனம் வரவில்லை.

ஊர் திருச்சி. நாங்கள் ஆறு பேர்: நான், கணவர், பத்து வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமா, அத்தை. விமானம், விசா, சிங்கப்பூரில் இரண்டு ராத்திரி, பிறகு பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரி கப்பல். தலைக்கு 75,000 வீதம் 4,50,000 ரூபாய். ஏஜென்சி பெயரை எழுதப் போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. கப்பல் கம்பெனி பெயரும் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பணம் முழுதும் கட்டி முடிக்கிற சமயத்தில் ஏஜென்ட் சொன்னார்: “ஷிப்ல டிப்ஸ் கம்பல்சரி மேடம். அங்க போய் டாலர்ல கட்டினா ரொம்ப ஜாஸ்தி ஆயிடும். இங்கயே ஆளுக்கு 3,500 கொடுத்துடுங்க, நான் கம்பெனிக்கு முன்னாடியே போட்டுடறேன். அங்க நீங்க பர்ஸையே தொட வேண்டாம்.” நல்ல மனுஷன், நம் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாரே என்று 21,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். ரசீதும் கொடுத்தார். அதில் “டிப்ஸ், 6 பேர், 21,000” என்று இருந்தது. யாருக்கான டிப்ஸ் என்று இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கிறவள் நான், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கப்பலில் டிப்ஸ் எப்படி ஓடுகிறது என்பதை, தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்து, மனசு குளிர்ந்து, தட்டில் போட்டுவிட்டு வருகிற நம் ஊர் டிப்ஸ் இல்லை அது. பெரிய அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் சாதாரண அறைக்கே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். பெரிய சூட் அறை என்றால் அதற்கும் மேல். அறைக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு. இரண்டு மூன்று வயதைத் தாண்டிய குழந்தையும் ஒரு முழுத் தலைதான். அறையைச் சுத்தம் செய்கிறவர், பரிமாறுகிறவர், நம் கண்ணிலேயே படாத சலவைக்காரர் வரைக்கும் அது பிரிந்து போகும் என்பார்கள். இது போக, பணம் கொடுத்து வாங்குகிற குளிர்பானம், காபி, மது எல்லாவற்றிலும் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் தனியாக ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் கப்பலில் ஆளுக்கு 18 டாலர். நாலு நாளுக்கு 72. ஆறு பேருக்கு 432 டாலர். அதாவது ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிற ஒன்றை ஏஜென்ட் 3,500-க்கு முடித்துத் தருகிறேன் என்றபோதே எனக்கு மணியடித்திருக்க வேண்டும். முன்கூட்டியே கட்டினால் பாதி விலை என்ற கதையெல்லாம் கிடையாது. கட்டணத்தை ஏற்றுவதற்கு முன் கட்டினால் பழைய விகிதம் கிடைக்கலாம், அவ்வளவுதான். சில சமயம் சலுகையாக டிக்கெட்டோடு சேர்த்து இலவசமாகவும் கொடுப்பார்கள். எப்படி இருந்தாலும் கப்பல் கம்பெனி அனுப்புகிற முன்பதிவு பில்லில் “ப்ரீபெய்ட் கிராஜுவிட்டீஸ்”, அதாவது முன்கூட்டியே கட்டிய டிப்ஸ், என்று தனி வரி இருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் தன் லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கிற பில் இதற்கு உதவாது. கப்பல் கம்பெனியின் பில்லை அப்படியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தர யோசித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கிராஜுவிட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முதல் நாள் அறைத் தொலைக்காட்சியில் பாதுகாப்புப் பயிற்சி பற்றிய அறிவிப்புக்கு நடுவே அந்த வார்த்தை ஓடியது. மாமா பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “கிராஜுவிட்டியா? அதை நான் 2011-லயே வாங்கிட்டேனேம்மா” என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த நேரத்தில் ரிமோட்டை எடுத்து இரண்டு பட்டன் தட்டியிருந்தால் எங்கள் கணக்கில் என்னவெல்லாம் ஏறுகிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். கப்பலின் செயலியிலும் பார்க்கலாம், பெரும்பாலான கப்பல்களில் அதற்கு வைஃபை பேக்கேஜ் வாங்க வேண்டியதில்லை. நாங்கள்தான் எல்லாம் கட்டியாயிற்று என்ற தைரியத்தில் நீச்சல்குளத்தில் கிடந்தோமே.

அடுத்த கோட்டை மாமா விட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. யாரிடமும் சும்மா வேலை வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. லைம் சோடா, மாக்டெயில், பேரனுக்கு மில்க் ஷேக் என்று வாங்கும்போதெல்லாம் ஒரு சீட்டு வரும், கையெழுத்துப் போட வேண்டும். சீட்டில் பானத்தின் விலை, அதன் கீழே பொடி எழுத்தில் 18 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கும் கீழே “கூடுதல் டிப்ஸ்” என்று ஒரு வெற்றுக் கோடு. கோடு காலியாக இருந்தால் நிரப்ப வேண்டும் என்று நினைக்கிற தலைமுறை அவர். ஒவ்வொரு சீட்டிலும் அழகாக 2 டாலர் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். 14 சீட்டு. பானத்துக்கு 90 டாலர், தானாக ஏறிய 18 சதவீதம் 16 டாலர் 20 சென்ட், மாமாவின் தாராளம் 28 டாலர். பரிமாறியவர்கள் யாரும் ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமா என்ன. அந்தக் கோட்டில் ஒரு குறுக்குக் கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், போதும். மனசார யாருக்காவது கொடுக்கத் தோன்றினால் கையில் கொடுங்கள்.

பினாங்கில் ஏஜென்ட் ஏற்பாடு செய்த வேன் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயில், கெக் லோக் சி புத்தர் கோயில் எல்லாம் காட்டிவிட்டு, திரும்பத் துறைமுகத்தில் இறக்கிவிடும்போது ஓட்டுநர் தயங்கித் தயங்கி நின்றார். அந்த ஊர்த் தமிழர்தான். “டிப்ஸ் நீங்களே பார்த்துக் கொடுப்பீங்கன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க மேடம்” என்றார். கணவர் 50 ரிங்கிட் கொடுத்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கடைசி ராத்திரி. பெட்டியெல்லாம் கட்டி, சீட்டு ஒட்டி, பதினோரு மணிக்குள் அறை வாசலில் வைக்க வேண்டும். பத்து மணிக்கு என் கணவர் சும்மா செயலியைத் திறந்து பார்த்தார். “இங்க வாயேன்” என்று அவர் கூப்பிட்ட தொனியிலேயே எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. மொத்தம் 566 டாலர் 20 சென்ட். அதில் 432 டாலர் சேவைக் கட்டணம். நாலு வயசுப் பையன் பெயரிலும் 72. அவன் நாலு நாளும் சாப்பிட்டது தயிர்சாதமும் ஐஸ்கிரீமும்.

ஓடிப்போய் வரவேற்பு மேசையில் நின்றால், எங்களைப் போலவே திறந்த வாய் மூடாமல் ஒரு நீள வரிசை. முக்கால் மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தது. அந்தப் பெண் முன்பதிவைத் திறந்து, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். முன்கூட்டிக் கட்டிய தொகை: பூஜ்யம். ஏஜென்ட் கொடுத்த ரசீதைக் காட்டினேன். மரியாதையாகத்தான் சொன்னாள், இது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு என்று. பிறகு குரலைத் தாழ்த்தி, விருப்பமில்லை என்றால் குறைக்கவோ எடுக்கவோ ஒரு படிவம் உண்டு, ஆனால் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். “நாங்கல்லாம் டெஸ்க்ல சொல்லி எடுத்துட்டோம்” என்று சுற்றுலா வாட்ஸப் குழுக்களில் பெருமையடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படிவத்தோடு அறைக்குத் திரும்பி வருகிற வழியில் எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட தம்பி எதிரே வந்தான். தூத்துக்குடிப் பக்கம், கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலேறியவன். முதல் நாள் நான் பிள்ளைகளைத் தமிழில் திட்டியதைக் கேட்டு, “அக்கா, நம்ம ஊரா?” என்று வந்து ஒட்டிக்கொண்டவன். கையிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான். நானே கேட்டேன். “அடிப்படைச் சம்பளம் கம்மிக்கா. இதைச் சேர்த்தாத்தான் சம்பளமே. ஒருத்தர் எடுத்தா ஒண்ணும் தெரியாது. ரூம் ரூமா எடுத்தா அந்த மாசம் தெரியும்” என்றான். எட்டு மாத ஒப்பந்தம், இடையில் முழுநாள் விடுமுறை ஒன்றுகூடக் கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006-இல் ஒன்று போட்டு, 2013-இல் அமலுக்கு வந்தது. அதிலேயே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றுதான் இருக்கிறது. கம்பெனி அமெரிக்காவில் இருக்கும், கப்பல் பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவாகியிருக்கும். அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தப் பையனை எட்டாது. அவன் கூலியில் ஒரு பங்கை டிக்கெட்டிலிருந்து உருவி, டிப்ஸ் என்று பெயர் மாற்றி நம் தலையில் வைக்கிறார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-இல் இந்தத் தினசரிக் கட்டணத்தையே எடுத்துவிட்டது, ஆகவே முடியாத காரியமில்லை. எனக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. ஆனால் திருச்சியில் ஒருவர் சுருட்டியதற்குத் தூத்துக்குடிப் பையனின் சம்பளத்தில் கைவைப்பது நியாயமாகப் படவில்லை. படிவத்தைக் கிழித்துப் போட்டேன். மாமா அதைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

காலையில் சிங்கப்பூரில் இறங்கி, சிக்னல் கிடைத்ததும் ஏஜென்டுக்குப் போன். முதலில் எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்து, “சிஸ்டம் மிஸ்டேக்கா இருக்கும் மேடம், ஊருக்கு வாங்க பேசிக்கலாம்” என்றார். ஊருக்கு வந்து நேரில் போய் உட்கார்ந்ததும் கதை மாறியது. “அது ஷிப் டிப்ஸ் இல்லையே, கைடு, டிரைவர் டிப்ஸ்தானே. ரசீதுல ஷிப்னு எங்க போட்டிருக்கு?” அப்போதுதான் அந்த ரசீதின் அழகே எனக்குப் புரிந்தது. பினாங்கு வேன்காரர் சொன்னதைச் சொன்னேன். “அவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பாங்க மேடம்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

இன்னொரு அடியும் உண்டு. கப்பலில் ஏறும்போது அட்டை ஒன்றைப் பதிவு செய்யச் சொல்வார்கள். ஏஜென்ட் “டெபிட் கார்டே போதும்” என்றதால் கணவர் சம்பளக் கணக்கின் அட்டையைக் கொடுத்துவிட்டார். கப்பல்காரர்கள் செலவுக்கு ஏற்ப அவ்வப்போது ஒரு தொகையைப் பிளாக் செய்வார்கள். கடைசியில் உண்மையான பில் தொகையும் தனியாகப் போகும். பிளாக் ஆன பணம் எங்களுக்குத் திரும்பிவர ஒன்பது நாள் ஆனது, அந்த மாதம் வீட்டுக்கடன் தவணைக்குக் கைமாற்று வாங்கினோம். இதோடு வங்கி போடுகிற அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து 566 டாலர் ரூபாயில் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கிரெடிட் கார்டைக் கொடுங்கள், முடிந்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாததாகப் பாருங்கள். தினமும் ராத்திரி தூங்கப் போகும் முன் கணக்கை ஒரு தடவை திறந்து பாருங்கள். முதல் நாளே தப்பைக் கண்டால் மேசையில் வரிசையும் இருக்காது, ஏஜென்டை உலுக்கவும் நாலு நாள் இருக்கும்.

ஏஜென்டிடம் பேசும்போது “எல்லாம் இன்க்ளூடட்” என்ற பதிலை ஏற்காதீர்கள். கப்பலின் தினசரிச் சேவைக் கட்டணம் இதில் அடங்குமா, குழந்தைகளுக்கும் சேர்த்தா என்று வாட்ஸப்பில் எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகப் பதில் வாங்குங்கள். நான் போனில் கேட்டேன். அதனால்தான் என் வக்கீலுக்குத் தலைவலி.

நிலவரம் இதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். பிறகு வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் போய்ப் பத்தாம் நாள், “குட்வில்” என்று ஒரு குறிப்போடு 10,000 ரூபாய் ஜிபேயில் வந்தது. மீதி 11,000-க்குப் பேச்சுமூச்சு இல்லை. நாம் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது என்று வக்கீல் சொன்னார். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. மாமா கையெழுத்துப் போட்ட 14 சீட்டையும் ஆதாரமாக இணைக்கலாமா என்று அவரே ஆர்வமாகக் கேட்டார், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதே மாதிரி “டிப்ஸ்” என்று மொட்டையாக எழுதின ரசீது திருச்சி, தஞ்சாவூர் பக்கம் வேறு யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் மனு வலுவாக இருக்குமாம்.