மஞ்சள் இலைக்கு எதை நம்புவது: கண், மண் பரிசோதனை, வண்ண அட்டை, அன்னபேதிச் சொட்டு

எங்கள் கொல்லையில் இருக்கும் எலுமிச்சைக்கு அப்போது ஐந்து வயது. கொழுந்து விடும்போதே வெளிறிப்போய் வந்தது. இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். "சத்துப் பத்தலைங்க, இதப் போட்டு விடுங்க" என்று யூரியா கொடுத்தார்கள். போட்டேன். மரம் முன்னைவிட வேகமாகத் துளிர்த்தது, அதுவும் மஞ்சளாகவே. அடுத்து எல்லா நுண்ணூட்டமும் கலந்தது என்று ஒரு டப்பா. அதை வேரில் ஊற்றினேன். மூன்று மாதம் போனதுதான் மிச்சம்.

செடிக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ள இன்று நம் கையில் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். தப்பான கேள்வியோடு போனால் நல்ல பரிசோதனையும் நம்மைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதலில் கண். காசில்லாதது, எப்போதும் கூடவே இருப்பது. கண்ணால் பார்க்கும்போது நிறத்தை அப்புறம் பாருங்கள், முதலில் இடத்தைப் பாருங்கள். மஞ்சள் அடி இலையில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா? தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இந்த நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் காட்டும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் போன்றவை ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் கொழுந்துதான் தவிக்கும்.

இடம் தெரிந்த பிறகு வடிவம். அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. ஓரம் மட்டும் நெருப்புப் பட்டதுபோல் கருகினால் சாம்பல்சத்து. எலுமிச்சை, நாரத்தை வகைகளில் முற்றிய இலையின் காம்புப் பக்கம் மட்டும் கூரைமுகடு போல ஒரு பச்சை முக்கோணம் மிஞ்சி, மற்ற இடம் மஞ்சளானால் மெக்னீசியம். கொழுந்தில் மெல்லிய பச்சை நரம்பு வலை தெரிந்து இடையெல்லாம் மஞ்சளானால் இரும்பு. இலை சிறுத்து, குறுகி, கொத்துக் கொத்தாக நெருங்கி வந்தால் துத்தநாகம்.

இவ்வளவு சொல்லும் கண்ணே பல நேரம் ஏமாந்தும் போகும். மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். இலை சுருண்டதும் "சத்துக் குறை" என்று நுண்ணூட்டம் அடிப்பவர்கள் நிறைய. இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு வந்தால் முரணை என்று நம் ஊரில் சொல்லும் சிலந்திப்பேன் தாக்குதல். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் இன்னொரு பக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்றை வாங்கி, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பதை நான் எந்த உரத்துக்கும் முன்னால் வைப்பேன். பூச்சி தின்ற செடிக்குச் சோறு ஊட்டிப் பயனில்லை. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுவதும் இப்படித்தான். குறை சுண்ணாம்புச்சத்துதான், ஆனால் மண்ணில் அது தேவைக்கு இருக்கும். ஒரு வாரம் காயப்போட்டு மறு வாரம் தேங்கவிடும் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம்.

சரி, மண் பரிசோதனை. மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்த பிறகு இது பரவலாகிவிட்டது. அட்டையில் 12 விவரங்கள் இருக்கும்: கார அமில நிலை (pH), உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பலரும் தழை மணி சாம்பல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வரிதான் அட்டையின் உயிர். கார அமில நிலை 8-க்கு மேல் போய் மண் காரமாகிவிட்டால் மண்ணில் இரும்பு கொட்டிக் கிடந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த கரிசல் மண்ணில் நிலக்கடலைக் கொழுந்து வெளுப்பது இதனால்தான். பூட்டிய அலமாரிக்குள் சோறு இருக்கிறது, பிள்ளை பசியில் அழுகிறது.

மண் பரிசோதனையின் குறையும் இதிலேயே இருக்கிறது. மண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்லும். செடி எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று சொல்லாது. முடிவு கைக்கு வரவும் நாளாகும். நிற்கிற பயிருக்கு அவசரமாக முடிவெடுக்க இது ஒத்துவராது. விதைப்பதற்கு முன், மரம் நடுவதற்கு முன் இதற்கு இணை கிடையாது.

நெல்லுக்கு ஒரு தனி வசதி, இலை வண்ண அட்டை. பச்சையின் படிகள் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி நம் நிழலிலேயே வைத்து, பத்து இடத்தில் இலையை ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டுக்கும் 4 என்பது அளவுகோல். பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். வறண்ட பருவத்தில் எக்டருக்கு 35 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு யூரியா ஏறக்குறைய 30 கிலோ. நாள் கணக்கு வைத்துக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். கரும்பச்சையாக நிற்கும் வயலுக்கு மறுபடி யூரியா போட்டு இலைச்சுருட்டுப் புழுவையும் குலை நோயையும் விருந்துக்கு அழைக்கும் வழக்கம் இதனால் குறையும். ஆனால் இந்த அட்டைக்குத் தழைச்சத்தைத் தவிர வேறு பாஷை தெரியாது. துத்தநாகக் குறையால் வெளிறிய நெல்லை அதில் வைத்துப் பார்த்து யூரியா போட்டால் நான் எலுமிச்சைக்குச் செய்ததேதான்.

இலையையே ஆய்வகத்துக்கு அனுப்புவது திராட்சை, வாழை, தென்னை என்று பெரிய அளவில் வைத்திருப்பவர்களுக்கு நல்லது. எந்த இலை என்பதில் கவனம் வேண்டும். காய்க்கும் தென்னையில் உச்சியிலிருந்து 14-ஆவது மட்டை. கூடவே நன்றாக இருக்கும் மரத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து அனுப்புங்கள், ஒப்பிட ஆள் வேண்டும். போனில் படம் எடுத்துப் பார்க்கும் செயலிகளைப் பூச்சி, பூஞ்சைக்கு ஓரளவு நம்பலாம். சத்துக் குறைக்கு நான் நம்புவதில்லை. மாலை வெயிலில் எடுத்தால் எந்த இலையும் மஞ்சளாகத்தான் தெரியும்.

இப்போது என் எலுமிச்சையை மீட்ட வழிக்கு வருகிறேன். செலவு சில ரூபாய். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி, அதாவது இரும்புச்சத்துள்ள பெரஸ் சல்பேட் உப்பு. இன்னொரு பாத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 10 கிராம் மெக்னீசியம் சல்பேட். ஒரு கிளையில் சிவப்பு நூல் கட்டி அன்னபேதிக் கரைசல், இன்னொன்றில் வெள்ளை நூல் கட்டி மெக்னீசியம், மூன்றாவது கிளைக்கு வெறும் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு கைத்தெளிப்பானில் அடித்தேன்.

எட்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். சிவப்பு நூல் கிளையின் மஞ்சள் இலைகளில் பச்சைப் புள்ளிகள்! கரைசல் துளி எங்கெங்கே விழுந்து காய்ந்ததோ அங்கங்கே மட்டும் பச்சை, அம்மைத் தழும்பு போல. இரும்பு இலைக்குள் நகராது என்று படித்ததை அந்த இலை படமாகவே வரைந்து காட்டியது. மற்ற இரண்டு கிளையிலும் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று மாதமாக யாரும் சொல்லாத பதிலை மரமே சொல்லிவிட்டது.

இந்தச் சொட்டுச் சோதனைக்கும் எல்லை உண்டு. என்ன குறை என்று சொல்லும், ஏன் வந்தது என்று சொல்லாது. அதற்கு மண்ணைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கார அமில நிலை 8.4 என்று வந்தது. போர்வெல் தண்ணீர் காய்ந்த வாளியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் படிவதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மண்ணில் அன்னபேதியை அப்படியே கொட்டினால் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் இரும்புக் கூட்டிலும் (இரும்பு பூட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும் கீலேட்) வித்தியாசம் உண்டு. ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிலைக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகை நிலைக்கும், விலைதான் அதிகம். நான் வாங்கிய டப்பாவின் லேபிளில் முதல் வகை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

அதனால் என் வரிசை இப்படி: இன்று மஞ்சளைப் பார்த்தால் லென்ஸ், பிறகு அடி இலையா கொழுந்தா என்ற கேள்வி, பிறகு கிளைகளில் சொட்டுச் சோதனை. மண் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை, பயிர் இல்லாத நேரத்தில். நெல் வயல் என்றால் வண்ண அட்டை ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

எலுமிச்சைக்குப் பதினைந்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை அன்னபேதி தெளித்தேன். பாத்தியில் தண்ணீர் தேங்குவதை நிறுத்தினேன். மாட்டெருவோடு அன்னபேதியைக் கலந்து நிழலில் ஒரு மாதம் வைத்து, பிறகு வேர்ப்பகுதியில் இட்டேன். ஆடியில் வந்த துளிர் பச்சையாகவே வந்தது. சிவப்பு நூல் இன்னும் அந்தக் கிளையில் இருக்கிறது.