படம் வருது, சத்தம் இல்லை: ஒரு ரிசீவரோடு இரண்டு வருடம்

எங்கள் மொட்டை மாடியில் இரண்டு டிஷ் இருக்கின்றன. சின்னது 93.5 டிகிரி செயற்கைக்கோளில் வரும் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு, ஆறடி டிஷ் 66 டிகிரி செயற்கைக்கோளுக்கு. இரண்டு டிஷ்ஷையும் ஒரே ரிசீவருக்கு மாற்றி மாற்றித் தரும் டைசெக் சுவிட்சில் சேர்த்து ஓட்டத்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால் 1,100 ரூபாய்க்கு இந்த எம்பெக்-4 ரிசீவரை வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 'ஃபுல் எச்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆடியோ பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பாக்ஸில் நல்ல விஷயங்களும் உண்டு. சேனலைச் சட்டென்று தேடி எடுக்கும். மழை நாளில் சிக்னல் இறங்கினாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கரண்ட் போய் வந்தால் விட்ட சேனலிலேயே நிற்கும்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், "டிவி வாயை யாருடா அடைச்சது?" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். சர்க்கரையால் அம்மாவுக்குப் பார்வை மங்கி நாலு வருடம் ஆகிறது. சீரியல், செய்தி எல்லாவற்றையும் காதால்தான் பின்தொடர்கிறார். போய்ப் பார்த்தால் படம் பளிச்சென்று ஓடுகிறது, சத்தம் மட்டும் துளியும் இல்லை. ஒயரைக் கழற்றி மாட்டினேன், மறுபடி ஸ்கேன் செய்தேன். கடைசியில் ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தியபோதுதான் 'ஏசி3' என்று காட்டியது. ஏசி3 என்பது டால்பி கம்பெனியின் ஒலி முறை. அதுவரை சாதாரண எம்பெக் ஒலியில் வந்த சேனல் இந்த டால்பிக்கு மாறியிருக்கிறது. அதைப் பிரித்துச் சத்தமாக்கும் வசதி என் பாக்ஸில் இல்லை. சில சேனல்கள் இரண்டு ஒலியையும் அனுப்பும், ஆடியோ பட்டனிலேயே மாற்றிக்கொள்ளலாம். இதில் ஒன்றுதான் இருந்தது.

கடைக்காரர், "சிக்னல் ஃபுல்லா இருக்குல்ல சார், சேனல்காரன் பிரச்சினையா இருக்கும்" என்றார். கம்பெனி உதவி எண்ணில் பென் டிரைவ் வழியாக சாஃப்ட்வேர் ஏற்றச் சொன்னார்கள். இரண்டு தடவை ஏற்றினேன். மெனுவின் நிறம்தான் மாறியது.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மெனுவில் டிஜிட்டல் ஆடியோவை 'எல்பிசிஎம்' (பாக்ஸே பிரித்துத் தரும் ஒலி) என்பதிலிருந்து 'ரா' என்று மாற்றினால், பாக்ஸ் அந்த ஒலியைத் தொடாமல் எச்டிஎம்ஐ வழியாக அப்படியே டிவிக்குத் தள்ளிவிடும். டிவியில் டால்பி இருந்தால் அது பிரித்துக்கொள்ளும். ஹாலில் உள்ள எல்இடி டிவியில் இப்படிச் சத்தம் வந்துவிட்டது. ஆனால் பாக்ஸ் ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யாது, டிவி ரிமோட்டைத்தான் எடுக்க வேண்டும். அம்மா அறையில் இருப்பதோ பழைய பிக்சர் டியூப் டிவி, மூன்று கலர் ஒயர் போகிறது. அந்த ஒயரில் சத்தம் வர வேண்டுமானால் பாக்ஸே பிரித்துத் தந்தாக வேண்டும், வேறு வழியில்லை. நாலைந்து மாதத்தில் இன்னும் இரண்டு சேனல்கள் இதே மாதிரி ஊமையாகின.

ஏசி3-இன் கடைசி காப்புரிமை 2017-லேயே முடிந்துவிட்டது என்று பிறகு படித்தேன். டால்பி முத்திரையைப் பெட்டியில் போடுவதற்கு உரிமம் வேண்டும்தான். முத்திரை போடாவிட்டாலும் பரவாயில்லை, 'ஏசி3 ஒலி வராது' என்று ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? அந்த வரி இருந்திருந்தால் இந்தப் பாக்ஸை அம்மா அறைக்கு வாங்கியிருக்கவே மாட்டேன். எனக்கு இன்னமும் ஆறாத கோபம் அதில்தான்.

போன மாதம் 300 ரூபாய் கூடக் கொடுத்து ஏசி3 உள்ள வேறு பாக்ஸ் வாங்கினேன். இந்தத் தடவை கடையிலேயே மூன்று கலர் ஒயரில் ஒரு டிவியோடு இணைக்கச் சொல்லி, சத்தம் போன அந்த மூன்று சேனல்களையும் ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் காசை எடுத்தேன். பழைய பாக்ஸ் இப்போது ஹாலில் 'ரா' செட்டிங்கில் ஓடுகிறது.