பிரெஸ்ஸா மைலேஜா? முதலில் வருஷத்தைச் சொல்லுங்க

"அக்கா, மாருதி பிரெஸ்ஸா கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" தம்பி போனில் கேட்டான். செகண்ட்ஸில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம். "எந்த வருஷ வண்டிடா?" என்றேன். "எதுவா இருந்தா என்னக்கா, எல்லாம் பிரெஸ்ஸாதானே!" அங்கேதான் எனக்குச் சுர்ரென்றது.

மூன்று வெவ்வேறு வருஷத்து பிரெஸ்ஸாவையும் ஒரே ரோட்டில் ஓட்டியவள் நான். எங்களிடம் இருந்தது 2017 டீசல். அதை விற்றுவிட்டு 2022 மாடலுக்கு புக் செய்து காத்திருந்த நாட்களில் கொழுந்தனாரின் 2020 பெட்ரோலை வாங்கி ஓட்டினேன். சுங்குடிச் சேலை மூட்டைகளோடு மாதம் இரண்டு தடவை மதுரையிலிருந்து திருநெல்வேலி, போக மட்டும் 160 கிலோமீட்டர். எந்த வண்டி ஆனாலும் மீட்டரில் காட்டுகிற மைலேஜை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே பெட்ரோல் பங்கில், நாசில் முதல் தடவை டக்கென்று நிற்கும்வரை நிரப்பி, திரும்பி வந்து அதே மாதிரி நிரப்பி, வகுத்து, பில் புக்கின் பின்னட்டையில் எழுதிவிடுவேன். ஆடி மாதக் கணக்கைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். கயத்தாறு காற்றாலைப் பக்கம் அடிக்கிற காற்றில் எந்த வண்டியும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்.

டீசலுக்கு கம்பெனிக் கணக்கு லிட்டருக்கு 24.3 கிலோமீட்டர். எனக்கு 21, 22 கிடைத்தது; மூட்டையோடு அது தாராளம். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது.

அதற்குப் பதிலாக வந்த 1.5 லிட்டர் பெட்ரோலில் மேனுவலுக்கு 17.03, ஆட்டோமேட்டிக்குக்கு 18.76. ஆட்டோமேட்டிக் என்றாலே குடிக்கும் என்று சொல்கிறவர்களுக்கு இது தலைகீழ். காரணம், அந்த வருஷம் மைல்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் இருந்தது. சின்ன லித்தியம் பேட்டரி, பெல்ட்டில் ஓடும் ஒரு மோட்டார். சிக்னலில் இன்ஜினை நிறுத்தும், வேகம் எடுக்கும்போது ஒரு கை கொடுக்கும். கொழுந்தனார் வண்டி மேனுவல். எனக்கு ஹைவேயில் 15, 16.

அதுவரை 'விட்டாரா பிரெஸ்ஸா' என்றிருந்த பெயரிலிருந்து 2022இல் 'விட்டாரா' போனது. இன்ஜின் அதே 1462 சிசி, ஆனால் ஒரு சிலிண்டருக்கு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இரண்டு. மேனுவலுக்கும் ஹைப்ரிட் வந்தது. என் நடு மாடல் விஎக்ஸ்ஐ மேனுவலுக்குக் கம்பெனி சொன்னது 20.15. ஹைவேயில் 18க்குக் குறையவில்லை, ஊருக்குள் 13, 14. முதல் நாள் கோரிப்பாளையம் சிக்னலில் இன்ஜின் தானாக நின்றதும் வண்டி ஆஃப் ஆகிவிட்டதென்று பதறிப்போனேன், பின்னால் ஒரே ஹாரன். கிளட்சை மிதித்தால் போதும், கிளம்பிவிடும். சித்திரை வெயிலில் மட்டும் ஏசிக்காக அதுவே இன்ஜினைத் திரும்ப ஓடவிடும். அப்போது சிக்னலில் மிச்சம் ஒன்றுமில்லை.

தம்பி கவனிக்க வேண்டியது 2023. அந்த வருஷம் நடுவில் மேனுவலிலிருந்து ஹைப்ரிட்டை எடுத்துவிட்டார்கள், கணக்கு 17.38க்கு இறங்கியது. பிறகு மேல் மாடலான இசட்எக்ஸ்ஐ மேனுவலுக்குத் திரும்பி வந்தது, 19.89. ஆக, ஒரு வருஷம் பழைய வண்டி புதியதைவிடக் கூடக் கொடுக்கும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 20.15க்கும் 17.38க்கும் நடுவே 8 லிட்டர் போகும். பெட்ரோல் நூறைத் தாண்டி நிற்கிற நாளில் அது எங்கள் வீட்டு கேபிள், போன் பில்.

வண்டியில் ஹைப்ரிட் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்டுப் பார்க்கச் சொன்னேன். இன்ஜின் அமைதியானால் ஹைப்ரிட் இருக்கிறது.

கேஸில் ஓடும் சிஎன்ஜி மாடல்? கிலோவுக்கு 25.51 கிலோமீட்டர் என்கிறார்கள். டிக்கியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். என் மூட்டையை மடியிலா வைத்துக்கொள்வது?

எல்லாம் கேட்டுவிட்டு சாயந்திரம் போட்டோ அனுப்பினான். 2020, மேனுவல். "கலர் சூப்பரா இருக்குல்லக்கா?"