கூலன்ட் குறைந்தால் எதை ஊற்றுவது? பேட்டரி வாட்டரா, ரெடி மிக்ஸா, பைப் தண்ணியா?

காரின் பானெட்டைத் திறந்து பார்த்தால், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்டின் டப்பாவில் மட்டம் 'லோ' கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது. கீழே சொட்டுத் தடமும் இல்லை. எதை ஊற்றலாம் என்று கேட்டால் ஒருவர் "பைப் தண்ணி போதும் சார்" என்பார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் "பச்சையா, சிவப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். இரண்டு யோசனையுமே சரியில்லை.

முதலில் பைப் தண்ணியைப் பார்ப்போம். சூட்டை உறிஞ்சுவதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.18 கிலோஜூல் வாங்கும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் தனியாக என்றால் 2.4 அளவுதான். வில்லங்கம் தண்ணீரில் இல்லை, அதில் கரைந்திருப்பதில் இருக்கிறது. கீசர் காயிலில் வெள்ளையாகக் கட்டி நிற்குமே கால்சியமும் மெக்னீசியமும், அவையேதான் சிலிண்டர் ஹெட்டின் சூடான சுவர்களிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய்ப் படிகின்றன. குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். பல வருடம் போர் தண்ணி குடித்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை, எஞ்சின் ஆறியபின் கழற்றி அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்: செங்கல் நிறச் சேறு ஒட்டும், ரப்பர் வாஷரைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருக்கும். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் ஊற்றுங்கள், தவறில்லை. ஊருக்கு வந்ததும் முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பிவிட வேண்டும்.

ஆர்ஓ கேன் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு மேல், ஆனால் உப்பு பூஜ்ஜியம் இல்லை. ருசிக்காகவே கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டருக்குப் பிடித்து வைப்பவர்கள் அதையே காருக்கும் ஊற்றுவதுண்டு. அதில் உப்பு குறைவுதான், ஆனால் காயிலில் ஒட்டிய தூசியும் பாசியும் சேர்ந்தே வரும். சில ரூபாய் மிச்சத்துக்கு அந்த வேலை தேவையா?

என் ஓட்டு பேட்டரி வாட்டருக்கு, அதாவது பங்க்கிலேயே கிடைக்கும் டிஸ்டில்டு அல்லது டிஎம் (உப்பு நீக்கிய) வாட்டருக்கு. "வெறும் தண்ணி ஊற்றினால் கூலன்ட் நீர்த்துப் போகுமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லிட்டர் கொள்ளளவில் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலவையாக இருக்கிறது, 300 மில்லி குறைந்திருக்கிறது என்று வையுங்கள். அதை வெறும் தண்ணீரால் நிரப்பினாலும் கிளைகால் 50 சதவீதத்திலிருந்து 47க்குத்தான் இறங்கும். ஒழுகாமல் ஆவியாகிக் குறைந்திருந்தால் அந்த இறக்கமும் இல்லை. கிளைகாலின் கொதிநிலை 197 டிகிரி, அதனால் ஆவியாகிப் போனது பெரும்பாலும் தண்ணீர்தான். போனதையே திருப்பி ஊற்றுகிறீர்கள். ஆனால் ஒன்றரை லிட்டர் குறைந்திருந்தால் கதை வேறு. 50 சதவீதம் 35 ஆகிவிடும், துருத்தடுப்பு மருந்தும் அதே அளவுக்கு நீர்க்கும். அங்கே பேட்டரி வாட்டர் மட்டும் போதாது. கடையில் கேட்கும்போது 'வாட்டர்' என்று அழுத்திச் சொல்லுங்கள்; பேட்டரி ஆசிட் பாட்டிலும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

தண்ணீர் ஏற்கெனவே கலந்து வரும் ரெடி மிக்ஸ் கூலன்ட்தான் முறைப்படி முதலிடம், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். நிறத்தை நம்பவே கூடாது. அது கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போடும் சாயம். பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் துருப் பிடிக்காமல் காவல் காக்கும். புது வகையில் கரிம அமிலங்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் வாட்டர் பம்ப் சீலை மனதில் வைத்து சிலிகேட்டைத் தவிர்த்து பாஸ்பேட் சேர்ப்பார்கள். ஐரோப்பியர்களோ கடினநீரில் படிவு உண்டாகும் என்று பாஸ்பேட்டையே ஒதுக்குவார்கள். மாற்றிக் கலந்தால் உடனே ஜெல்லியாகி எஞ்சின் போய்விடும் என்பது கொஞ்சம் மிகை. நடப்பது என்னவென்றால், ஐந்து வருடம் உழைக்க வேண்டிய கூலன்ட் தன் ஆயுளை இழக்கும், சில சேர்க்கைகளில் படிவும் விழும். எனவே ஓனர்ஸ் மேனுவலில் உள்ள வகையையே வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது என்றால், கொஞ்சம் நிரப்புவதற்கு 'எல்லாக் காருக்கும்' என்று எழுதிய பாட்டிலைவிட பேட்டரி வாட்டரே பாதுகாப்பு.

தண்ணீர் கலக்காத கூலன்டான கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் 'ஸ்ட்ராங்' ஆகும் என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன 2.4ஐ நினைவில் கொள்ளட்டும். கிளைகால் கூடக் கூடச் சூடு சுமக்கும் திறன் குறையும். டிஎம் வாட்டரில் கலந்து ஊற்றினால் ரெடி மிக்ஸைவிட மலிவு, அவ்வளவுதான்.

நம் ஊரில் உறைதல் பிரச்சினை இல்லையே, கூலன்ட் எதற்கு என்ற கேள்வியும் வரும். துருத்தடுப்பு ஒருபுறம் இருக்கட்டும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை 107 வாக்கில். மூடியின் அழுத்தம் இரண்டையும் இன்னும் இருபது டிகிரிபோல உயர்த்தும். ஏசி போட்டு, ஆள் நிரம்ப, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஏறும்போது அந்த ஏழு டிகிரியின் அருமை தெரியும்.

எதை ஊற்றினாலும் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் மூடியைத் திருகினால் அழுத்தம் விடுபட்டுக் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டருக்கும் டப்பாவுக்கும் தனித்தனி மூடி உள்ள வண்டியில் டப்பாவில் 'ஃபுல்' கோடு வரை ஊற்றினால் போதும். பிறகு வாரம் ஒருமுறை காலையில் பாருங்கள். மறுபடி இறங்கினால் ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தாலோ, ஆயில் பால்காப்பி நிறமானாலோ, சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டிப் போகாமல் டோ பண்ணிக் கொண்டுபோவதே செலவு குறைவு. மிச்சக் கூலன்டைத் தரையில் சிந்த விடாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கிளைகால் இனிக்கும், தெருநாய் நக்கினாலும் சிறுநீரகம் போய்விடும்.