சி-விஜில் செயலி: அரசு அதிகாரி பிரசாரம் செய்தால் இதில் புகார் எடுபடுமா?

தேர்தல் விதிமீறலைப் பொதுமக்களே படமெடுத்துப் புகார் செய்ய, தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் 2018-ல் வந்தது. பேனர், சுவரொட்டி என்றால் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பதவியை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கும் விவகாரத்தில் இது பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

காரணம் நேரக் கணக்கு. படமெடுத்த 5 நிமிடத்துக்குள் புகாரை அனுப்ப வேண்டும். அது வந்த 5 நிமிடத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை பறக்கும் படையிடம் ஒப்படைக்க வேண்டும். 15 நிமிடத்தில் பறக்கும் படை வர வேண்டும், 30 நிமிடத்தில் நடவடிக்கை எடுத்து அறிக்கை தர வேண்டும், 50 நிமிடத்தில் தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். புகார் வந்ததிலிருந்து மொத்தம் 100 நிமிடம். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் இறுதிக்குள் 79,000-க்கு மேல் புகார் வந்ததாகவும், 89 சதவீதம் 100 நிமிடத்துக்குள் தீர்க்கப்பட்டதாகவும் ஆணையம் சொன்னது. அவற்றில் 73 சதவீதம் அனுமதியில்லாத பேனர்கள், தட்டிகள். தட்டி ஓடிப்போகாது. நோட்டீஸ் கட்டை இறக்கிவிட்டுக் கிளம்பும் அரசு ஜீப் காத்திருக்குமா? படை வரும்போது அங்கே எதுவும் இல்லையென்றால் புகார் கைவிடப்படும்.

அதனால் எடுக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வீடியோவுக்கு 2 நிமிடம்தான். நம்பர் பிளேட்டில் தொடங்கி, வண்டிக்குள் இருக்கும் கட்டு, இறக்கும் ஆள், பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை என்று வெட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள். அரசு வண்டி என்று சொல்லும் ‘அ’ ஸ்டிக்கரை மட்டும் காட்டினால் நிற்காது. அதை யாரும் ஒட்டிக்கொள்ளலாம். ஜிபிஎஸ்ஸை முன்பே போட்டு வையுங்கள். கேலரியில் இருக்கும் பழைய படத்தைச் செயலி ஏற்காது. செயலியில் எடுத்தது கேலரியில் சேர்வதும் இல்லை. ஆகவே போனின் சாதாரண கேமராவில் இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும். ஒரே போனிலிருந்து அடுத்த புகாருக்கு 5 நிமிட இடைவெளி உண்டு.

பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். ஆனால் புகார் என்ன ஆனது என்று தெரியவராது. மேலதிகாரியைக் காட்டிக்கொடுக்கும் ஊழியருக்கு அதுதான் பாதுகாப்பு. மற்றவர்கள் மொபைல் எண்ணோடு அனுப்புவது நல்லது.

பெரிய குறை வேறு. புகார் முதலில் போவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு. அங்கே மாவட்டத் தேர்தல் அலுவலர் என்பவர் பெரும்பாலும் ஆட்சியரேதான். தாசில்தார் மீது வரும் புகாரை அவரோடு வேலை பார்க்கும் வருவாய்த்துறை ஆட்களே விசாரிக்க நேரலாம். தேர்தல் முடியும்வரை இவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் என்று சட்டம் சொன்னாலும், முடிந்தபின் அதே அலுவலகத்தில்தான் உட்கார வேண்டும். ஆகவே அதிகாரி மீதான புகாரைச் செயலியோடு விட்டுவிடாதீர்கள். புகார் எண், அதிகாரியின் பெயர், பதவி, நாள், நேரம், இடம், வண்டி எண் எல்லாவற்றையும் எழுதி மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் மனு அனுப்புங்கள்.

மனுவில் ‘நடத்தை விதி மீறல்’ என்று மட்டும் எழுதினால் பலம் குறைவு. அந்த விதிகள் சட்டமல்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ஐக் குறிப்பிடுங்கள். தேர்தல் பணியில் இருப்பவர் வேட்பாளருக்காக வேலை செய்தால் பிரிவு 129, 6 மாதம் வரை சிறை. அரசு ஊழியர் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தால் 134ஏ, 3 மாதம் வரை. வேட்பாளர் அரசு அதிகாரியின் உதவியைப் பெற்றால் 123(7). 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் வெற்றியைச் செல்லாதென்றது இந்தப் பிரிவின்படிதான். அப்படி வழக்குப் போட, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம்.

கூட்டத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லும் சுற்றறிக்கை, வாட்ஸ்ஆப் உத்தரவு போன்றவற்றுக்கு இந்தச் செயலி பொருந்தாது. அவற்றை அச்செடுத்து மனுவோடு இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.