யு.கே.ஜி. பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு ‘கோல்டு பேக்கேஜ்’: கிருஷ்ணகிரி அனுபவம்

கிருஷ்ணகிரியில் பள்ளி விழாவுக்கு மேடை, பலூன், கவுன், கேக், போட்டோ என்று மொத்தமாக எடுத்துச் செய்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதில் ஒரு நிறுவனத்தை என் மகளின் யு.கே.ஜி. பட்டமளிப்பு விழாவுக்கு இந்த மார்ச்சில் பிடித்தோம். பிடித்தது பள்ளி இல்லை, வகுப்பு அம்மாக்கள் குழு. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஊர் சின்னது, அவர்களும் என் கடைக்கு லேமினேஷன் போட வருகிறவர்கள்தான்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதற்குப் பட்டமளிப்பு என்று என் மாமியார் கேட்டார். எந்த நர்சரிப் பள்ளி பேனரைப் பார்த்தாலும் கவுன் போட்ட குழந்தைகள் சிரிக்கிறார்கள், நாம் மட்டும் விட முடியுமா என்றேன். விடலாமே என்றார்.

முதலில் வேலையைப் பற்றி. குறை சொல்ல இடமே இல்லை. கவுன்கள் துவைத்து இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் வந்தன. முதுகுப் பக்கம் ஜிப்புக்குப் பதில் ஒட்டுப் பட்டை; அவசரமாக பாத்ரூம் ஓடுகிற வயசுக்கு அதுதான் சரி. தொப்பிக்குத் தாடையடியில் எலாஸ்டிக் வைத்திருந்தார்கள். விடியற்காலையிலேயே வந்து, பள்ளி மணி அடிப்பதற்குள் பலூன் வளைவை முடித்துவிட்டார்கள். வெயில் ஏறினால் பலூன் வெடிக்கும் என்று மேடையை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிப் போட்டது அந்தப் பையன்களின் யோசனை. விழா முடிந்ததும் ஒரு நூல் துண்டுகூட விடாமல் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். கேக் மட்டும் சுமார். மேலே இருந்த கிரீம் பூவைப் பிடுங்கித் தின்றுவிட்டு மீதியைப் பிள்ளைகள் தொடவில்லை.

இப்போது விலை. சில்வர் 1,200, கோல்டு 1,850, பிளாட்டினம் 2,600. எல்லாமே தலைக்கு. பொருள்வாரியாகச் சொல்லுங்கள் என்று கேட்டால், “பேக்கேஜாதான் மேடம் பண்ணுவோம்” என்று சொல்லிவிட்டு, வேறொரு பள்ளிக்குச் செய்த பிளாட்டினம் வீடியோவை அனுப்பிவைப்பார்கள். சிவப்புக் கம்பளம், புகை மெஷின், நடுவில் குட்டிக் குட்டி கவுன்கள். அந்த வீடியோவை யாரோ எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அன்றோடு சில்வர் செத்தது. டாக்டர் அம்மா ஒருவர் பிளாட்டினம் என்றார், கொஞ்சம் பேசி கோல்டில் வந்து நின்றது. 32 குழந்தைகளுக்கு 59,200 ரூபாய். நான் விற்கிற பொருளாவது எனக்குத் தெரியும். கெட்டி அட்டையில் சான்றிதழ் ஒன்றை என் கடையில் 20 ரூபாய்க்கு அடித்துக் கொடுக்கிறேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் நானே விலை போட்டுப் பார்த்தேன். ஆள் கூலி, வண்டி வாடகை, நியாயமான லாபம் எல்லாம் வைத்துக் கூட்டியும் எனக்கு 35,000 தாண்டவில்லை.

ஆனால் பணம் அதிகம் என்பதைவிட, ‘தலைக்கு’ என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. எங்கள் வகுப்பில் கிரானைட் குவாரிக் குடும்பம் உண்டு, ஓசூர் கம்பெனிக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு, மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் உண்டு. ஜூஸ் கம்பெனி என்று நாங்கள் சொல்லும் மாங்கூழ் ஆலைக்கு நாள்கூலிக்குப் போகும் அம்மாக்களும் உண்டு. அவர்களில் சிலர் பிள்ளைகள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவர்கள். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே என்று சான்றிதழ் கொடுத்து, குலுக்கலில் இடம் வாங்கிய வீடு. கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். பலூனை யார் பார்ப்பது? அதுவும் மார்ச்சில். பெங்களூரா மாங்காய் இறங்கி ஆலை முழுசாக ஓட ஜூன் ஆகிவிடும். அதுவரை கூலி வேலை கிடைத்தால் உண்டு. நிறுவனத்துக்கு இது தெரிய வேண்டியதில்லை. குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நிறுவனம் ‘இலவசச் சேவை’ என்று ஒரு பட்டியலும் தருகிறது. பணம் கட்டிய குழந்தையின் பெயருக்கு எதிரே பச்சை டிக், கட்டாத பெயருக்கு எதிரே காலி. தினமும் மாலையில் அவர்களே புதுப்பித்துக் குழுவில் போட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டாவது எழுதி முடித்ததும் அந்த வீட்டு பீரோவுக்குள் போய்விடும். இது தினம் தினம் எல்லோர் போனிலும் வந்து நின்றது. கடைசித் தேதியில் ஆறு பெயர் காலி. உடனே கிரானைட் வீட்டு அக்கா, “மீதி ஆறு பேருக்கும் நான் போட்டுடறேன், யாரும் ஃபீல் பண்ண வேணாம்” என்று எழுதினார். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன.

அந்த அக்கா நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர் இரவு எனக்குப் போன் செய்தார். “மகளிர் குழுக்கடன் வாங்கியாவது நானே கட்டிடறேங்கா. நாளைக்கு எங்க பாப்பா ஒரு பிள்ளைய அடிச்சிட்டா, எங்க காசுல கவுன் போட்டவதானேன்னு ஒரு வார்த்தை வந்துடும்.” மறுநாள் கட்டிவிட்டார். இன்னொரு பையன் விழாவுக்கே வரவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

விழா அன்று வாசலில் ஒரு போர்டு நின்றது: ‘நன்றி, ஸ்பான்சர்’ என்று போட்டு கிரானைட் வீட்டுக் குடும்பப் படம். அக்காவுக்கே முகம் சிவந்துவிட்டது. எடுத்துவிடு தம்பி என்றதற்கு அந்தப் பையன், “பேக்கேஜ்ல ஃப்ரீ மேடம்” என்றான். இதோடு நிற்கவில்லை. பாப்கார்னுக்கும் போட்டோ பூத்துக்கும் டோக்கன் வைத்திருந்தார்கள். பெற்றோர் கட்டிய குழந்தைக்கு மஞ்சள், ஸ்பான்சர் குழந்தைக்கு வெள்ளை. ஏன் இரண்டு நிறம் என்றால் கணக்குக்காகவாம். ஐந்து வயதுக்கு நிறம் தெரியாதா? என் மகளே வந்து, அவளுக்கு ஏன் வெள்ளை என்று கேட்டாள்.

பாப்கார்ன் மெஷின்காரர் மட்டும் டோக்கனை வாங்கிப் பார்க்கவே இல்லை. நீட்டிய கைக்கெல்லாம் கொடுத்தார், கவுன் போடாத தம்பி தங்கைகளுக்கும்.

என் நாத்தனார் காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கூட்டம் போட்டு, பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆண்டு விழாவுக்கு சாமியானா, மைக் செட், பிள்ளைகளுக்கு நிப்பட்டு. அங்கேயும் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் தன் பெயரை மைக்கில் இன்னொரு முறை சொல்லச் சொன்னாராம், அது வேறு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தச் சட்டப் பிரிவு பொருந்தாது. அதனால் எங்களுடையது வெறும் வாட்ஸ்அப் குழு. யார் முதலில் கட்டைவிரல் படம் போடுகிறாரோ அதுதான் தீர்மானம்.

இந்த நிறுவனத்தைப் பிடிப்பதாக இருந்தால் பொருள்வாரி விலை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பிடிவாதமாக நின்றால் தருகிறார்கள். எங்களுக்கு அடுத்த வாரம் விழா வைத்த பக்கத்து செக்‌ஷன் அம்மாக்கள் கவுனும் பலூன் வளைவும் மட்டும் போதும் என்று நின்று, 30 குழந்தைகளுக்கு கவுன் 150 வீதமும் வளைவுக்கு 6,500-ம் ஆக 11,000 ரூபாயில் முடித்தார்கள். சான்றிதழ் என் கடையில் அடித்தார்கள், விளம்பரமாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. பணத்துக்குப் பள்ளி வராந்தாவில் ஒரு மூடிய டப்பா வைத்தார்கள். முடிந்ததைப் போட்டார்கள், பெயர் எழுதவில்லை. செலவு போக மிஞ்சியதற்கு வகுப்புக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. பட்டியல், ஸ்பான்சர் போர்டு, டோக்கன் இந்த மூன்று இலவசங்களையும் வேண்டாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து ஸ்டார் போடச் சொல்லி இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கவுனுக்கும் பையன்களின் உழைப்புக்கும் சேர்த்து மூன்று போடுகிறேன். பாப்கார்ன்காரருக்குத் தனியாகப் போட வழியிருந்தால் ஐந்து.