குடமுருட்டிக் கரைக் கொடி அடுப்பு: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரத் தெரு ஒன்றில், வண்டல் களிமண்ணில் வைக்கோல் கூளம் கலந்து கையால் பிடித்த கொடி அடுப்பு (பெரிய அடுப்பின் தீயே பக்கத்துச் சிற்றடுப்புக்கும் செல்லும் வகை) ஒன்றைச் சென்ற மார்கழியில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். சூளையில் சுடாமல் வெயிலில் மட்டும் காயவைத்த அடுப்பு. தைப் பொங்கலில் தொடங்கி ஆடிப்பெருக்குச் சித்திரான்னம் வரை இதில்தான் சமையல்.

இரண்டாம் மாதத்திலேயே விறகு வாயின் மேல் விளிம்பில் மயிரிழை விரிசல் கண்டது. சுட்ட மண்சட்டியாக இருந்தால் அது ஒரே மூச்சில் அடிவரை ஓடியிருக்கும். இங்கே நான்கு விரற்கடை ஓடி நின்றுவிட்டது. பின்னர் விறகு இடித்து ஒரு சில்லு பெயர்ந்தபோதுதான் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. உடைந்த முகத்தில் கூளங்கள் அறுபடாமல் நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்ப்புறத்தில் அவை உருவிக்கொண்டு வந்த வழவழப்பான தடங்கள் இருந்தன. வைக்கோல் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால்தான் அடுப்பு உழைக்கிறது என்று சொல்வது முழுவதும் சரியன்று. மண்ணோடு சேர்த்துக் காலால் மிதிக்கும்போது தண்ணீர் குடித்து ஊதும் வைக்கோல், காயும்போது சுருங்கி மண்ணிலிருந்து சற்றே விலகுகிறது. அதன் மேலுள்ள மெழுகுப் படலமும் ஒட்டைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்ச்சியால்தான் விரிசல் வைக்கோலை அறுக்காமல் அதன் ஓரமாகத் திரும்புகிறது. வைக்கோல் உராய்ந்து உருவி வருவதிலேயே விரிசலைத் தள்ளும் விசையும் தீர்ந்துபோகிறது.

பீங்கானுக்குள் இழை பதித்துக் கலப்புப் பொருள் செய்வோர் பெரும்பாடுபட்டு உண்டாக்குவதும் இதே தளர்ச்சியைத்தான். 2016இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில், சிலிக்கான் கார்பைடு என்னும் பீங்கான் வகையின் இழைகளைச் சிலிக்கான் கார்பைடுக்குள்ளேயே பதித்த பாகங்கள் உள்ளன. இழை நேரடியாக ஒட்டிக்கொண்டால் பாகம் முழுவதும் வெறும் பீங்கானைப் போலப் பட்டென்று உடையும் என்பதால், இழைமேல் போரான் நைட்ரைடைப் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் பூசுகிறார்கள். கார்பன் பூச்சும் உண்டு. ஆனால் விரிசல் வழியே சூடான காற்று புகுந்தால் அது எரிந்துவிடும்.

எரிந்துபோவதுதான் இந்த அடுப்பின் குறையும். உட்சுவரில் கூளம் எரிந்து துளைகளே மிஞ்சியுள்ளன. அவை வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கின்றன என்றாலும், இழுத்துப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லாததால் மண் உதிர்கிறது. கஞ்சி பொங்கி வழிந்து, பாத்திரத்தைத் தாங்கும் குமிழ் ஒன்று கரைந்ததால் வாரந்தோறும் மண்ணும் சாணமும் மெழுகுகிறேன். பெயர்ந்த சில்லில் ஓரிடத்தில் கூளம் கொத்தாகச் சுருண்டு, இடையில் மண்ணே புகாமல் கிடந்தது; அது மிதித்தது போதாததன் அடையாளம்.

இரண்டாவது அடுப்புக்கும் இதைப் பிடித்துக் கொடுத்த அம்மாளிடமே சொல்லியிருக்கிறேன். கூளத்தை இரண்டு விரற்கடைக்கு மேல் போகாமல் நறுக்கவும், ஒரு நாள் கூடுதலாக மிதிக்கவும் கேட்டேன். 50 ரூபாய் அதிகமாகும் என்றார், ஒப்புக்கொண்டேன்.